சிவப்பு மூடி, பச்சை மூடி

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இரண்டு டப்பாக்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்குப் பச்சை மூடி. முன்வரிசைக்காரர்களுக்கு வாசனையே வந்திருக்கும். ஆனாலும் நான் பேசி முடிக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. ஏன் இந்தக் கண்டிப்பு என்பது போகப் போகத் தெரியும்.

உள்ளே இருப்பதன் பெயர் பிஸ்கோச்சீத்தோ. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பாதிப் பெயர் நமக்குத் தெரிந்ததுதான். 'இருமுறை வெந்தது' என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல் ஸ்பானிய மொழியில் பிஸ்கோச்சோ ஆயிற்று. அதே சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பிஸ்கட் ஆகி, நம் டீக்கடைக் கண்ணாடி ஜாடிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்பானிய மொழிக்காரர்கள் எதையும் செல்லமாகச் சொல்ல 'ஈத்தோ' என்று ஒரு வாலைச் சேர்ப்பார்கள். ஆக இது 'குட்டி பிஸ்கட்'. இத்தனைக்கும் இது வேகிறது ஒரே முறைதான். பெயருக்கும் பண்டத்துக்கும் பொருத்தம் பார்க்கக் கூடாது.

பன்றிக் கொழுப்பு, சர்க்கரை, முட்டை, மைதா, அனீஸ் விதை, ஒரு கை பிராந்தி. வெந்ததும் மேலே பட்டைத்தூள் கலந்த சர்க்கரை. அவ்வளவுதான் சமாசாரம். சிலர் முகம் மாறுவது இங்கிருந்தே தெரிகிறது. சைவர்களுக்குப் பின்னால் காபி இருக்கிறது, பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம்.

இதன் ஊர் நியூ மெக்ஸிகோ. இன்று அமெரிக்காவின் ஒரு மாநிலம். முன்பு ஸ்பெயினின் வடகோடி மாகாணம். 1821-இல் மெக்ஸிகோ விடுதலை அடைந்தபோது மெக்ஸிகோவின் பகுதி. 1848-இல் போரில் தோற்ற மெக்ஸிகோ எழுதிக் கொடுத்ததில் அமெரிக்கா கைக்குப் போனது. கொடி மாறிய வேகத்துக்கு அடுப்பங்கரை மாறவில்லை. எல்லைக்குத் தெற்கே மெக்ஸிகோவிலும் இதன் பங்காளிகள் நிறைய. கோவாவீலா, நுவேவோ லியோன் பக்கம் பட்டை வாசனையோடு ஓஹராஸ்கா, நாடெங்கும் உதிர்ந்து போகும் போல்வோரோன், கல்லறைத் திருநாளுக்குச் செய்யும் இறந்தோர் ரொட்டியில் அனீஸ். எல்லாம் ஒரே குடும்பத்து ஜாடைதான்.

1989-இல் நியூ மெக்ஸிகோ சட்டமன்றம் பிஸ்கோச்சீத்தோவை மாநிலத்தின் அதிகாரப்பூர்வ பிஸ்கட்டாக அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு பிஸ்கட்டுக்கு இந்தப் பதவியைக் கொடுத்த முதல் மாநிலம் அதுதான். சண்டை எதில் வந்தது தெரியுமா? எழுத்தில். 'எஸ்' போட்டு எழுதுவதா, 'இஸட்' போட்டு எழுதுவதா என்று விவாதித்து, கடைசியில் 'இஸட்' ஜெயித்தது. தோற்ற 'எஸ்' இன்றும் பல பேக்கரிப் பலகைகளில் சௌக்கியமாக இருக்கிறது. மாநிலத்தின் தென்பகுதியில் கேட்டால் வாலையே வெட்டிவிட்டு 'பிஸ்கோச்சோ' என்பார்கள்.

நான் அந்த மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் சில ஆண்டுகள் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். என்னை 'மிஹா' என்று கூப்பிடுவார். 'என் மகளே' என்பதன் சுருக்கம், அந்த ஊரில் மளிகைக் கடைக்காரம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார். முதல் டிசம்பரில் ஒரு தகர டப்பா நிறைய பிஸ்கோச்சீத்தோ கொடுத்தார். டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, நம் வீட்டு வளர்ப்பு அப்படி. அதையே செய்து நிரப்பித் தருவோம் என்று இறங்கினேன்.

அனீஸுக்கு நான் போட்டது சோம்பு. சமையல் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர்கள் அனீஸ் என்று வந்தால் சோம்பு என்று எழுதிவிடுவது வழக்கம். நானும் நம்பினேன். பாட்டி ஒன்றைக் கடித்தார், கண்ணை மூடினார், சிரித்தார். "இது இனோஹோ, மிஹா. நல்லதுதான். ஆனால் அனீஸ் இல்லை."

இனோஹோ என்றால் பெருஞ்சீரகம், நம் சோம்பு. அனீஸ் வேறு செடி. நம் பிரியாணியில் மிதக்கும் அன்னாசிப்பூ மூன்றாவது, அது மரம், இவற்றுக்குச் சொந்தமே இல்லை. மூன்றிலும் அனெத்தோல் என்ற ஒரே வாசனைப் பொருள் இருப்பதால் மூக்கு ஏமாந்துபோகிறது. சோம்பில் கூடவே ஃபென்ச்சோன் என்று ஒன்று இருக்கிறது, கற்பூரச் சாயலும் லேசான கசப்பும் அதனால்தான். குழம்புக்கு அது தேவை, இனிப்புக்கு உறுத்தும். அனீஸ் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் சோம்பைவிடச் சிறியது, குண்டானது, சாம்பல் கலந்த பச்சை. சிலவற்றில் மயிரிழை போலக் காம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டி அதை வெறும் வாணலியில் ஒரு நிமிடம் சூடு காட்டி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கித்தான் போடுவார். பொடியாக வாங்கினால் கிறிஸ்துமஸ் வருவதற்குள் வாசனை போய்விடும் என்பது அவர் கட்சி. இங்கே அனீஸ் கிடைக்காதவர்கள் சோம்பையே போடுங்கள், தப்பில்லை. ஆனால் அதை அனீஸ் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பட்டையில் நமக்கு உண்மையான உறவு உண்டு. மெக்ஸிகோ சமையலறையில் கனேலா என்றால் அது இலங்கைக் கறுவா. நாம் கடையில் வாங்கும் தடித்த, உரித்த மரப்பட்டை மாதிரியான காசியா இல்லை. காகிதச் சுருள் போல மெல்லியது, விரலாலேயே நொறுக்கலாம். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் கீழை நாட்டு வாசனைப் பொருள்களை மெக்ஸிகோவுக்குக் கொண்டு சேர்த்தன. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்ஸிகோ இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. சர்க்கரையிலும் உறவு உண்டு: ஸ்பானியரின் 'அசூக்கர்', அரபு வழியாகப் போன நம் சர்க்கரையேதான். அரிசியும் அப்படித்தான் கிரேக்கம் போனது என்று மேடையில் முழங்க எனக்கும் ஆசை. மொழியியல்காரர்கள் அதில் இன்னும் ஒத்துவரவில்லை, ஆகவே கைதட்டலை விட்டுக்கொடுக்கிறேன்.

இனி கொழுப்புக்கு வருகிறேன். நான் உண்மையில் பேச வந்தது அதைத்தான்.

1598-இல் ஹுவான் தே ஒன்யாத்தே தலைமையில் ஸ்பானியக் குடியேற்றக்காரர்கள் வடக்கே வந்தார்கள். மெக்ஸிகோ நகரத்திலிருந்து ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் நீண்ட அந்தத் தடத்துக்கு அரச பாதை என்று பெயர். வண்டித் தொடர் வந்து சேர மாதக்கணக்கு ஆகும். வெண்ணெய் அங்கே சுலபப் பொருள் இல்லை. பன்றி வீட்டிலேயே வளர்ந்தது. குளிர் இறுகியதும் ஊர் கூடி ஒரு பன்றியை அறுப்பார்கள். 'மத்தான்சா' என்று அதற்குப் பெயர், இன்றும் நடக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் குளிர்காலமே குளிர்பதனம். அன்றே கொழுப்பைத் துண்டு போட்டு, பெரிய கொப்பரையில் உருக்கி, ஜாடிகளில் ஊற்றி வைப்பார்கள். டிசம்பரில் எந்த வீட்டிலும் புது நெய் ஜாடி நிரம்பி இருக்கும். பிஸ்கோச்சீத்தோ கிறிஸ்துமஸ் பலகாரமாகப் போனதற்குப் பக்தி பாதிக் காரணம் என்றால், மிச்சப் பாதி அந்த ஜாடி.

பாட்டி கடையில் விற்கும் கட்டியை வாங்க மாட்டார். கசாப்புக் கடையில் சொல்லிவைத்து, சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பை வாங்கி வருவார். அதற்குத்தான் பன்றி வாடை குறைவு. சின்னச் சின்னதாக நறுக்கி, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். நாம் வெண்ணெய் காய்ச்சுகிற கதைதான். முதலில் படபடவென்று சத்தம், தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் அடங்கும், துண்டுகள் சுருங்கிப் பொன்னிறமாகி மிதக்கும். அவற்றை அள்ளி உப்புத் தூவி நின்றபடியே தின்போம். வடிகட்டிய நெய் மறுநாள் காலை சுண்ணாம்பு போல வெளுத்து உறைந்திருக்கும். ஒரு விள்ளல் எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்தால் உடனே கரையும்.

இந்தக் கரைதலில்தான் விஷயம். வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு, ஆறில் ஒரு பங்கு தண்ணீர். உருக்கிய பன்றிக் கொழுப்பில் தண்ணீர் கிடையாது. மைதாவோடு தண்ணீர் சேர்ந்து பிசைந்தால் அதிலுள்ள இரண்டு புரதங்கள், கிளையடினும் குளூட்டனினும், கைகோத்து வலை பின்னும். அந்த வலையின் பெயர்தான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விசிறியாக்குவது இந்த வலையின் தயவில். பிஸ்கோச்சீத்தோவில் நமக்கு வேண்டியது நேர் எதிர். கடித்தால் பொலபொலவென்று உதிர வேண்டும், நாக்கில் வைத்தால் கரைய வேண்டும். அதனால் முதலில் கொழுப்பையும் சர்க்கரையையும் வெளுத்துப் பஞ்சாக வரும்வரை அடித்து, பிறகு மாவைச் சேர்த்து, ஒவ்வொரு துகளுக்கும் எண்ணெய்ச் சட்டை மாட்டிவிடுகிறோம். சட்டை போட்ட துகளுக்குள் தண்ணீர் எளிதில் போகாது, வலையும் பின்னாது. பிராந்தியும் அதே வேலைக்குத்தான். சாராயத்தில் குளூட்டன் வளராது, ஓவனில் ஆவியாகிப் போய்விடும், மணத்தை மட்டும் வைத்துவிட்டுப் போகும்.

யோசித்துப் பாருங்கள். கொழுப்பு, பிராந்தி, அதிகம் பிசையாத கை, இத்தனையும் கோதுமையின் தனிக் குணத்தை அடக்கி வைக்கத்தான். கோதுமையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 'நீ வாயே திறக்காதே' என்று சொல்கிற பலகாரம் இது.

இது எனக்குப் புரிந்தது பாட்டியின் பேத்தியால். பத்து வயது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், வயிறு உப்பி, வளர்த்தி நின்று, ஒரு வருடம் அலைந்த பிறகு சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரை அரித்துவிடும். உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. ஒவ்வாமை, அஜீரணம் என்று தள்ளிவிடுகிற விஷயம் இல்லை. கோதுமைதான் காரணம் என்பதையே வெகுகாலம் யாரும் அறியவில்லை. நெதர்லாந்தில் வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு 1930-களிலேயே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் போரால் அங்கே பஞ்சம், ரொட்டி கிடையாது. ஊரே பட்டினியில் வாடியபோது இந்தக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950-இல் அவருடைய ஆய்வேடு வந்தது.

பேத்திக்கு நோய் தெரிந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பர் 16-இலிருந்து ஒன்பது இரவுகள், தங்க இடம் தேடிய யோசேப்பையும் மரியாளையும் நினைத்து வீடு வீடாகப் பாடிப் போகும் போசாதாஸ். வாசலெல்லாம் மணல் போட்ட காகிதப் பைக்குள் மெழுகுவர்த்தி எரியும். எந்த வீட்டுக் கதவு திறந்தாலும் தட்டு நிறைய பிஸ்கோச்சீத்தோ. பேத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள் காலை பாட்டி என் கதவைத் தட்டினார். "உங்கள் ஊரில் அரிசியில் எல்லாம் செய்வீர்களே, வா."

முதல் தடவை வெறும் அரிசி மாவு. மணல் தின்பது போல நறநறவென்று இருந்தது. காரணம் அதேதான். எண்ணெய்ச் சட்டை போட்ட அரிசித் துகளுக்குள் ஈரம் போக நேரமே கொடுக்கவில்லை. இரண்டாம் தடவை மூன்று மாவு: அரிசி 150 கிராம், வெள்ளைச் சோள மாவு 125, மரவள்ளி ஸ்டார்ச் 100. முக்கால் டீஸ்பூன் சாந்தன் கம், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு. கொழுப்பு 225, சர்க்கரை 150, ஒரு முட்டை, ஒன்றரை டீஸ்பூன் அனீஸ், மூன்று மேசைக்கரண்டி பிராந்தி. இதில் மாவு மூன்றையும் சாந்தனையும் எடுத்துவிட்டு 375 கிராம் மைதா போட்டால் சிவப்பு மூடி டப்பாவுக்கான அளவு வந்துவிடும். வேறு எதையும் தொட வேண்டாம். பாட்டி வாழ்நாளில் தராசு தொட்டவர் இல்லை, 'கை சொல்லும்' என்பார். அந்த ஊரில் கைப்பக்குவத்தை எழுத்தில் பிடித்தவர்கள் இருந்தார்கள். கிளியோஃபாஸ் ஹரமீயோ 1939-இல் ஒரு சமையல் புத்தகம் போட்டார், கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களுக்கு வழிகாட்டிய ஃபாபியோலா கபேசா தே பாக்கா 1949-இல் இன்னொன்று. பாட்டி இரண்டையும் அலமாரியில் வைத்திருந்தார், திறந்ததில்லை. பேத்திக்காகத்தான் தராசு வாங்கினார்.

பிசைந்த மாவை இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். நறநறப்புக்கு மருந்து அந்த ஓர் இரவுதான். காலையில் இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையால் ஆறு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தோம். வழக்கமான லில்லிப் பூ அச்சை அழுத்தினால் இதழ் முனைகள் ஒடிந்து அச்சிலேயே தங்கின. வலை இல்லாத மாவுக்குக் கூர்முனை தாங்காது. பாட்டி அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டினார். 175 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம், மேலே நிறம் மாறக் கூடாது, அடி மட்டும் சிவக்க வேண்டும். மைதாவில் செய்ததைச் சுடச்சுடப் பட்டைச் சர்க்கரையில் புரட்டலாம். இதை எடுத்தால் கையிலேயே உடையும், ஐந்து நிமிடம் ஆறவிட்டுத் தொட வேண்டும்.

அடுத்த வருடம் பாட்டியே ஒரு மாற்றம் செய்தார். சோள மாவில் பாதியை எடுத்துவிட்டு, வறுத்து அரைத்த நீல மக்காச்சோள மாவைப் போட்டார். ஸ்பானியர் வருவதற்கு முன்பே பூர்வகுடிகளான புவெப்லோ மக்கள் அந்த மண்ணில் விளைவித்த மக்காச்சோளம் அது. கோதுமை பிறகு வந்தது. கோதுமை இல்லாமல் திருப்பலி இல்லை என்பதால் பாதிரிமார் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போனது. நீலச் சோளம் பேக்கிங் பவுடரோடு சேர்ந்து ஒரு சாம்பல் பச்சை நிறத்துக்கு வந்தது. பார்க்க அழகில்லை. பிராந்திக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு விட்டால் லேசாக ஊதா தட்டும். ஆனால் வறுத்த சோள மணத்தோடு அனீஸ் சேர்ந்த அந்த ருசி, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், மைதாவில் செய்ததைவிட எனக்குப் பிடித்திருந்தது.

இடையில் ஒரு விஷயம். பிஸ்கட்டுக்குக் கோதுமை கட்டாயமில்லை என்று ஆயிற்று, நற்கருணைக்கு? குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, குறைந்த அளவாவது இருக்க வேண்டும் என்று 2017-இல் வத்திக்கான் மீண்டும் நினைவூட்டியது. தாங்காதவர்கள் திராட்சை ரசத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பேத்தி அப்படித்தான் வாங்கினாள். பாட்டிக்கு அதில் வருத்தம் உண்டு, சண்டை இல்லை.

பாட்டியின் மருமகள் ஒருமுறை, கொழுப்பு உடம்புக்கு ஆகாது என்று மைதாவும் வெண்ணெயும் போட்டுச் செய்து கொண்டுவந்தார். நல்ல பிஸ்கட், குறை சொல்ல முடியாது. பாட்டி இரண்டு தின்றுவிட்டு, "ரொம்ப ருசி, இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார். அரிசி, சோளம், மரவள்ளியில் செய்ததை மட்டும் அவர் ஒருநாளும் வேறு பெயரில் சொன்னதில்லை. நானும் அந்தக் கட்சிதான். பன்றி ஆகாதவர்களுக்கு வனஸ்பதி அமைப்பில் நெருங்கி வரும், அதிலும் தண்ணீர் கிடையாது. ருசி வராது, உள்ளதைச் சொல்கிறேன்.

கடைசியாக, கண்டிப்பு எதற்கு என்று. அமெரிக்காவில் 2013-இல் வந்த விதிப்படி, குளூட்டன் இல்லை என்று ஒட்ட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு கிராம் மைதாவிலேயே எண்பது, நூறு மில்லிகிராம் இருக்கும். ஒரு கிராம் என்றால் டீஸ்பூனில் பாதிகூட இல்லை. மைதா சலித்த சல்லடை, மைதா தேய்த்த பூரிக்கட்டை, ஏன், மைதா பிஸ்கட் புரட்டிய அதே பட்டைச் சர்க்கரை, இதில் ஏதாவது ஒன்று போதும். அதனால் பாட்டி முதலில் பேத்தியுடையதைச் சுட்டு, டப்பாவை மூடி வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் மைதா மூட்டையை அவிழ்ப்பார். நேற்று இரவு நானும் அந்த வரிசையில்தான் செய்தேன்.

நியூ மெக்ஸிகோவில் எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி கேட்பார்கள்: சிவப்பா, பச்சையா? எந்த மிளகாய்ச் சாறு ஊற்றட்டும் என்பதுதான். அதையே மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் கேள்வியாகவும் ஆக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும்.

இங்கே கோதுமை ஆகாதவர்கள் இரண்டு பேர் வந்திருப்பதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். பச்சை மூடி முதலில் அவர்களிடம் போகட்டும். அவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மற்றவர்களுக்கு இரண்டு டப்பாவும் சுற்றி வரும். அதுவரை யாரும் கிறிஸ்துமஸ் சொல்லக் கூடாது.